நெடுந்தூர விமானப் பயணம்: பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு அடக்கவிலை போடுவது எப்படி?

நம் திருவள்ளூர் மாவட்டத்து வணிகர்கள் வெளிநாட்டு விமானம் ஏறுவது இன்று அதிசயமான சேதி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குச் சரக்கு கொடுப்பவர்கள், செங்குன்றத்து அரிசி மொத்த வியாபாரிகள், பொன்னேரி, மீஞ்சூர், வள்ளூர் பக்கத்துப் பெரிய மளிகைக்காரர்கள் எனப் பலரும் போய்வருகிறார்கள். சிலர் உணவுப்பொருள் கண்காட்சிக்கு, சிலர் பருப்பு கொள்முதல் பேச, சிலர் அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க. போய்வந்தவர்கள் கடையில் உட்கார்ந்து சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "பத்து மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்தே போனேன், இரண்டு நாளாகியும் கால் வீக்கம் வடியவில்லை" என்பார்கள். அடுத்த முறை பிசினஸ் கிளாஸில் போகலாமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

மளிகைக்காரருக்கு பிசினஸ் கிளாஸா என்று சிரிப்பவர்களும் உண்டு. அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. எகானமிக்கும் பிசினஸுக்கும் வித்தியாசம் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அரிசி மூட்டைக்கு 20 ரூபாய் கையில் நிற்கிறது என்றால், அந்த வித்தியாசத்தைச் சம்பாதிக்க 7,500 மூட்டை விற்றாக வேண்டும். மறுபக்கத்தையும் பாருங்கள். சர்க்கரை வியாதியும் முதுகுவலியும் உள்ள ஐம்பத்தெட்டு வயதுக்காரர், இறங்கிய அன்றே கண்காட்சி வாசலில் நின்று வருடக் கொள்முதலைப் பேசவேண்டியிருக்கிறது. தூக்கமில்லாத கண்ணோடு பேசிய பேரத்தில் கிலோவுக்கு 50 பைசா கூடுதலாக ஒப்புக்கொண்டால், 24 டன் கண்டெய்னர் ஒன்றுக்கு 12,000 ரூபாய் போயிற்று. பத்து கண்டெய்னர் என்றால் டிக்கெட் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த மேஜையிலேயே கரைந்துவிடும்.

குண்டூரில் மிளகாய் பிடிக்கிறவர் மண்டி விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, எடைக்குறைவு, சேதாரம் எல்லாம் கூட்டி, நம் கடை வாசலில் வந்து இறங்கும் விலையைத்தான் விலை என்கிறோம். விமான டிக்கெட்டிலோ இதே வியாபாரி ஏஜென்ட் சொன்ன மண்டி விலையை மட்டும் கேட்டுவிட்டு, எது குறைவோ அதை வாங்கிவிடுகிறார். இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்: பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு அடக்கவிலை போட்டுப் பார்ப்பது.

எந்தெந்த வழி?

சென்னையிலிருந்து நெடுந்தூரம் போக மூன்று மாதிரி வழிகள் உண்டு. முதலாவது, ஐரோப்பாவுக்கு ஒரே பறப்பு. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவும், லண்டன் ஹீத்ரூவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸும் நெடுங்காலமாகப் பறந்துவருகின்றன. ஏறத்தாழ 10 முதல் 11 மணி நேரம். இரண்டாவது, நடுவில் ஓர் இடத்தில் இறங்கி மாறுவது. மேற்கே துபாய் (எமிரேட்ஸ்), தோஹா (கத்தார் ஏர்வேஸ்), அபுதாபி (எதிஹாட்), கிழக்கே சிங்கப்பூர், கோலாலம்பூர், தெற்கே கொழும்பு. மூன்றாவது, டெல்லி அல்லது மும்பை சென்று அங்கிருந்து ஏர் இந்தியா போன்ற நம் நாட்டு விமானத்தில் போவது.

துபாய், தோஹா போன்ற நிலையங்கள் நடப்பதை நாம் கோயம்பேட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இரவெல்லாம் பல ஊர் லாரிகள் வந்து இறக்கும். விடிவதற்குள் சில்லறைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அதேபோல் இந்தியா, இலங்கை, வங்கதேச விமானங்கள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கூட்டமாக வந்து இறங்க, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஐரோப்பா, அமெரிக்க விமானங்கள் கூட்டமாகக் கிளம்பும். இந்த ஏற்பாட்டால்தான் சென்னையிலிருந்து வளைகுடா செல்லும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டி, விடியலுக்கு முன் புறப்படுகின்றன. நமக்கு வசதி என்று வைத்த நேரம் அல்ல அது. அங்கே சந்தை கூடும் நேரத்துக்கு வைத்தது.

இன்னொன்றையும் ஞாபகத்தில் வைக்கவேண்டும். விமான நேர அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாறும். போன வருடம் மைத்துனர் போனபோது இருந்த இணைப்பு இந்த வருடம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

படுக்கையை எத்தனை மணி நேரம் உபயோகிப்போம்?

பிசினஸ் கிளாஸில் நாம் காசு கொடுத்து வாங்கும் முக்கியமான பொருள் படுக்கை. சாப்பாடு, ஓய்வறை, தனி வரிசை எல்லாம் கொசுறு. ஆகவே படுக்கையை எத்தனை மணி நேரம் உபயோகப்படுத்துவோம் என்பதே முதல் கணக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சென்னையிலிருந்து துபாய் சுமார் 4 மணி நேரப் பறப்பு. மேலே ஏறி நிலைப்பட அரை மணி, உணவு பரிமாறி முடிக்க ஒரு மணி, இறங்குவதற்கு முன் இருக்கையை நிமிர்த்தச் சொல்வது அரை மணி. மீதி இரண்டு மணி நேரம்தான் தூக்கம். இரவு முழுவதும் விழித்திருந்து அதிகாலையில் ஏறியவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் அரைகுறையாகப் போகும். பிறகு துபாயில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, ஐரோப்பாவுக்கு ஏழு மணி நேரம் பகலில் பறக்கவேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் நேர்விமானத்திலோ நள்ளிரவுக்குப் பின் ஏறிப் படுத்தால் ஒரே தூக்கமாக ஆறு, ஏழு மணி நேரம் கிடைக்கும். இரண்டு டிக்கெட்டிலும் மொத்தப் பறப்பு நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். தூக்கம் மட்டும் ஒன்றில் முழு மூட்டை, இன்னொன்றில் இரண்டு அரை மூட்டை.

படுக்கையிலும் ரகம் உண்டு. இருக்கை மட்டமாக விரிந்து கட்டில்போல் ஆவது ஒன்று. சாய்வாக விரிந்து, தூங்கும்போது கீழே வழுக்கிக்கொண்டே போவது ஒன்று. வரிசையில் 1-2-1 என்று நான்கு பேர் மட்டும் இருந்தால் எல்லோருக்கும் பக்கத்திலேயே நடைவழி இருக்கும். 2-2-2 என்றால் ஜன்னல் ஓரத்துக்காரர் பாத்ரூம் போக அடுத்தவரைத் தாண்டவேண்டும். 2-3-2 என்றால் நடுவில் ஒருவர் மாட்டிக்கொள்வார். இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

எமிரேட்ஸின் போயிங் 777 விமானங்களில் நெடுங்காலம் 2-3-2 தான் இருந்தது. 2024 முதல் அவற்றைப் படிப்படியாக 1-2-1 ஆக மாற்றிவருகிறார்கள். அதே நிறுவனத்தின் இரண்டடுக்கு ஏ380-இல் முன்பே 1-2-1. கத்தார் ஏர்வேஸ் 2017-இல் கதவு வைத்த தனி அறை மாதிரியான கியூ-சூட் இருக்கையைக் கொண்டுவந்தது. ஆனால் எல்லா விமானத்திலும் அது இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019-இல் கதவு வைத்த புது இருக்கையை அறிமுகம் செய்தது. அதன் பழைய இருக்கையில் பக்கத்தில் உள்ள அந்நியரின் முகத்தைப் பார்த்தபடி உட்காரவேண்டும். லுஃப்தான்சாவின் பழைய அமைப்பு 2-2-2. ‘அலெக்ரிஸ்’ என்ற புதிய அமைப்பு 2024-இல் வந்தது. ஒரே கம்பெனிப் பெயரில் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே விலைக்கு விற்பனையில் இருக்கிறது என்பதை வியாபாரிக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஏஜென்டிடம் "எந்த விமானம், வரிசையில் எத்தனை பேர், மட்டமாகப் படுக்கலாமா" என்ற மூன்று கேள்வியைக் கேட்டு, இருக்கைப் படத்தை வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டவேண்டும். அப்படியும் கடைசி நேரத்தில் விமானம் மாறுவது உண்டு.

கொலோன் போகிறவருக்கு

ஒரு வழியை எடுத்து முழுக் கணக்கும் போடுவோம். உணவுப்பொருள் வணிகத்தில் பெரிய கண்காட்சி ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபர் வாக்கில் நடக்கும் ‘அனுகா’. 2023-இலும் 2025-இலும் நடந்தது. (இரட்டைப்படை ஆண்டுகளில் பாரிஸில் ‘சியால்’.) செங்குன்றத்திலிருந்து ஓர் அரிசி வியாபாரி அனுகாவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஏஜென்ட் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும், துபாய் அல்லது தோஹா வழியாக டுசெல்டார்ஃப் போவதாக இருக்கும். கொலோனுக்கு அருகில் உள்ள பெரிய விமான நிலையம் அது. அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி அளவில் கொலோன். ஆனால் இரவு இரண்டாக உடைந்துபோகும்; இறங்கும்போது மதியம் ஆகியிருக்கும்; அன்றைய கண்காட்சி நேரம் பாதிக்கு மேல் போய்விடும்.

ஃபிராங்க்ஃபர்ட் நேர்விமானத்தில் போனால் காலையில் இறங்கலாம். விமான நிலையத்தின் அடியிலேயே அதிவேக ரயில் நிலையம். 2002-இல் திறந்த புதிய பாதையில் கொலோனுக்குச் சுமார் ஒரு மணி நேரம். பல ரயில்கள் கண்காட்சி வளாகத்தை ஒட்டியுள்ள ‘மெஸ்ஸே/டாய்ட்ஸ்’ நிலையத்திலேயே நிற்கும். ரயில் பயணத்தையும் அதே விமான டிக்கெட்டில் சேர்த்துத் தரும் ஏற்பாடு லுஃப்தான்சாவில் உண்டு. அப்படிச் சேர்த்து வாங்குவது நல்லது. விமானம் தாமதமானாலும் அடுத்த ரயிலுக்கு வழி செய்வது அவர்கள் பொறுப்பு.

டெல்லி வழியை முழுவதும் தள்ளவேண்டியதில்லை. ஆனால் அக்டோபரில் போவது வேறு, டிசம்பர் ஜனவரியில் போவது வேறு. மூடுபனியில் டெல்லி நிலையம் தடுமாறும் மாதங்கள் அவை. மேலும் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் நாட்டு விமானங்கள் சுற்றிப் போகவேண்டிவந்தது. வளைகுடா வழிக்கும் இப்படிப்பட்ட இடர் உண்டு. 2024 ஏப்ரல் 16-இல் பெய்த பெருமழையில் துபாய் நிலையம் சில நாள் நிலைகுலைந்தது. 2025 ஜூன் 23-இல் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா போகவேண்டிய விமானங்கள் பாதி வழியில் திரும்பின. நம் சென்னை மட்டும் சளைத்ததா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலன்றும் ஓடுபாதையில் தண்ணீர். ஆகவே கண்காட்சி தொடங்கும் நாளன்று காலையில் இறங்குவதுபோல் டிக்கெட் போடாமல், ஒரு நாள் முன்னதாகப் போவதே உசிதம். ஒரு நாள் ஹோட்டல் வாடகையை அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

இந்தப் பயணத்தில் எங்கள் யோசனை இது: போகும்போது நேர்விமானத்தில் பிசினஸ் கிளாஸ், வரும்போது எகானமி. ஒரே டிக்கெட்டில் இப்படிக் கலந்து வாங்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. போகும்போது தெளிந்த தலை வேண்டும். திரும்பும்போது கால் வலித்தால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். கால் வீக்கம், இரத்தக்கட்டு என்று வைத்தியர் எச்சரித்தவர்கள் மட்டும் இரு வழியும் பிசினஸ் போடட்டும்.

தூரம் மாறினால் கணக்கும் மாறும்

மேலே சொன்னதை எல்லா ஊருக்கும் வாய்ப்பாடாகப் பிடித்துக்கொள்ளக்கூடாது. மெல்போர்ன் போகிறவரைப் பார்ப்போம். சிங்கப்பூர் வழியில் 4½ மணியும் 7½ மணியும். கொழும்பு வழியில் ஒன்றரை மணிக்குள் ஒரு குட்டிப் பறப்பு, பிறகு பத்தரை மணிக்கு மேல் ஒரே நீளப் பறப்பு. குட்டிப் பறப்பு சின்ன விமானத்தில்தான். அதில் பிசினஸ் கிளாஸ் என்பது கொஞ்சம் அகலமான நாற்காலி. ஆனால் நீண்ட பறப்பு முழுவதும் படுக்கை. சிங்கப்பூர் நிலையத்தின் சுத்தமும் ஒழுங்கும் பிரசித்தம், விமானமும் உபசாரமும் உயர்ந்தவை, அதை மறுக்கவில்லை. இருந்தும் தூக்கத்தை மட்டும் எடைபோட்டால் கொழும்பு வழி பல சமயம் மலிவாகவும் நிறைவாகவும் அமையும். நம்மவர்கள் அதை விசாரிப்பதே இல்லை.

மைசூர் பருப்பும் பட்டாணியும் வரும் கனடாவுக்குப் போகிறவர்களுக்கு வளைகுடா வழி வேறு முகம் காட்டும். துபாயிலிருந்து டொரன்டோ சுமார் 14 மணி நேரம். அந்த நீளத்துக்குப் படுக்கை வாங்குவது வீணல்ல. லண்டன் வழியில் பதினொன்றும் எட்டும். இரண்டும் ஒப்பிடத்தக்கவையே, அங்கே தீர்மானிப்பது விலையும், நடுவில் காத்திருக்கும் நேரமும், டிரான்சிட் விசாவும்.

அந்த விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிச் செல்வதற்கே தனி விசா கேட்கும் வழக்கம் இங்கிலாந்திலும் சில ஐரோப்பிய நாடுகளிலும் உண்டு. விதி நாட்டுக்கு நாடு வேறு, கையில் உள்ள மற்ற விசாவைப் பொறுத்தும் மாறும், அடிக்கடி திருத்தப்படும். பணம் கட்டுமுன் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் முதலில் இறங்கும் நாட்டிலேயே குடியேற்றச் சோதனை முடியும். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே கைரேகை, முகப்படம் எடுக்கும் புதுமுறை கட்டம் கட்டமாக வந்தது. வரிசை நீளலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று ஏஜென்ட் போட்டுக்கொடுத்தால், இரண்டரை மணியாக மாற்றச் சொல்லுங்கள்.

வாசலில் இருந்து மீனம்பாக்கம் வரை

விமானம் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் ஊரிலிருந்து விமான நிலையம் போவதை மறந்துவிடுகிறோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருவள்ளூரிலிருந்து பூந்தமல்லி வழியாக 40 தாண்டும். பகலில் நகருக்குள் தடைசெய்யப்பட்ட கனரக லாரிகள் எல்லாம் ராத்திரியில்தான் ஜி.என்.டி. ரோட்டிலும் புழல்–மதுரவாயல் பைபாஸிலும் அணிவகுக்கும். நள்ளிரவு விமானத்துக்குப் போகிறவர் அந்த லாரிகளுக்கு நடுவேதான் போகவேண்டும். அவற்றில் பாதி நம் சரக்கு என்பதால் திட்டவும் முடியாது!

பெட்டி குறைவாக உள்ளவர்களுக்கு மாலை நேரப் புறநகர் ரயிலே மேல். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஒன்றரை மணி; அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம் முக்கால் மணி அளவில். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்து காலை 5-க்குத் தொடங்கும். விமானம் இரண்டு மணிக்கு என்றால் பத்தரைக்குள் நிலையத்தில் இருந்துவிடலாம். பிசினஸ் டிக்கெட்டுக்கு ஓய்வறை உண்டு. உட்கார்ந்து சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்ள அதுவே போதும். வீட்டு வாசலுக்கே கார் அனுப்பும் சலுகை சில நிறுவனங்களில் உண்டு. எந்த ஊரில் உண்டு, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சென்னைக்குள் வசிப்பவருக்கு வைத்த அளவு நம் ஊர் வரை எட்டாது.

பாஸ்போர்ட் சோதனை வரிசையைக் குறைக்க மத்திய அரசின் விரைவுக் குடியேற்றத் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இந்தியக் குடிமக்கள் கட்டணம் இல்லாமல் முன்பதிவு செய்து, கைரேகை கொடுத்துவிட்டால், தானியங்கிக் கதவு வழியே போகலாம். எகானமியில் போகிறவருக்கும் இது பொருந்தும். காசு கொடுத்து வாங்கும் ‘தனி வரிசை’யின் மதிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நிலம் கொடுக்க மறுக்கும் ஏகனாபுரம் முதலான ஊர்களின் போராட்டமும் கூடவே நடந்துவருகிறது. அதை நம்பி யாரும் இன்றைய கணக்கைப் போடமுடியாது.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

சென்னை–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–ஐரோப்பா தனி டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் விலை குறைவதுண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. "நேரத்துக்கு வரவில்லை" என்று டிக்கெட்டைக் கழித்துவிடுவார்கள். பெட்டியும் துபாயில் இறங்கிவிடும். அதை எடுக்க அந்த நாட்டு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் கடமை. நிலையம் ஒன்றானாலும் டெர்மினல் வேறாக இருக்கலாம்: துபாயில் எமிரேட்ஸ் 3-ஆம் டெர்மினல், ஃபிளைதுபாயின் பல விமானங்கள் 2-ஆம் டெர்மினல். நடுவில் பஸ் பயணம். இதையெல்லாம் சேதாரக் கணக்கில் எழுதிப் பார்த்தால், பிரித்து வாங்கியதில் கிடைத்த லாபம் பெரும்பாலும் தங்காது.

வரி: இது நம் பாடம்

விமானக் கம்பெனிகளைவிட இந்தப் பகுதி நமக்கு நன்றாகத் தெரிந்தது. எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆயிற்று. வரிக்குட்பட்ட கட்டணம் 2,00,000 ரூபாய் என்றால் வரி 36,000.

சாதாரண முறையில் பதிவு செய்து வரி கட்டும் வணிகர், தொழிலுக்காகச் செய்த பயணம் என்றால் இந்த 36,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போடும்போதே நம் ஜி.எஸ்.டி. எண்ணையும் கடைப் பெயரையும் கொடுத்திருக்கவேண்டும். விமானக் கம்பெனியின் வரி இன்வாய்ஸ் வாங்கி, ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏஜென்ட் கொடுக்கும் சீட்டு மட்டும் போதாது. அதில் அவருடைய சேவைக் கட்டணத்துக்கான வரிதான் இருக்கும். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது. அவருக்கு அடக்கம் 2,36,000 முழுவதும். மூன்றாவது ஒரு நிலை உண்டு. வரிவிலக்கு உள்ள 26 கிலோ அரிசி மூட்டையையும் வரி உள்ள சரக்கையும் சேர்த்து விற்பவர், விலக்குள்ள விற்பனையின் விகிதத்துக்கு வரவைத் திருப்பிக் கட்டவேண்டும். விற்பனையில் எண்பது பங்கு விலக்குள்ள அரிசி என்றால், 36,000-இல் ஏழாயிரம் சொச்சம்தான் கையில் நிற்கும். ஆக, ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் போகும் மூன்று வணிகர்களுக்கு அடக்கவிலை மூன்று விதம். மகளைப் பார்க்கப் போன பயணத்தைத் தொழில் கணக்கில் எழுதுவது எல்லோருக்கும் ஒரே விதமான வம்பு.

வருமானவரியிலும் ஒரு விதி 2019-இல் வந்தது. தனக்கோ பிறருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓர் ஆண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்தவர், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்கு தாக்கல் செய்தாகவேண்டும். ஒரு பிசினஸ் டிக்கெட்டே அந்த வரம்பைத் தாண்டக்கூடும்.

இருக்கை கிடைக்காவிட்டால்?

பிசினஸ் டிக்கெட் வாங்கியவரை, இடமில்லை என்று எகானமியில் உட்காரவைப்பது உண்டு. "சரி, போய்ச் சேர்ந்தால் போதும்" என்று நம்மவர்கள் பேசாமல் வந்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் வரியோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். கொழும்பு முதல் வகையில் வரும், துபாயும் சிங்கப்பூரும் இரண்டாவதில், ஃபிராங்க்ஃபர்ட்டும் லண்டனும் மூன்றாவதில். எந்த இருக்கையில் உட்காரவைத்தார்கள் என்பதற்குச் சாட்சி போர்டிங் பாஸ். அதைக் கிழித்துப் போடவேண்டாம்.

தாமதத்திலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய யூனியன் சட்டம், ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எல்லா விமானத்துக்கும், அங்கே போகும் ஐரோப்பியக் கம்பெனி விமானத்துக்கும் செல்லும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா, தன் தவறால் நான்கு மணிக்கு மேல் தாமதமாகச் சேர்த்தால் 600 யூரோ ஈடு கேட்கலாம். புயல், மழை போன்றவற்றுக்கு இல்லை. அதே ஊருக்குத் துபாய் வழியாக எமிரேட்ஸில் போனால், போகும் வழியில் அந்த உரிமை கிடையாது. இங்கிலாந்திலும் இதே மாதிரி சட்டம். லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அளவு 520 பவுண்டு. விலைப்பட்டியலில் அச்சாகாத சரக்கு இது. இரண்டு டிக்கெட்டும் விலையில் நெருங்கி நின்றால் இதையும் தராசில் வைக்கலாம்.

சாம்பிள் மூட்டை

கண்காட்சிக்குப் போகிறவருக்குப் பெட்டி எடையும் பணம்தான். பிசினஸ் கிளாஸில் எமிரேட்ஸ், கத்தார், சிங்கப்பூர் நிறுவனங்கள் பொதுவாக 40 கிலோ தருகின்றன. லுஃப்தான்சாவும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி, அதாவது 64 கிலோ. சாம்பிள் கனமாக உள்ளவர் கூடுதல் எடைக்குக் கட்டும் தொகையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் விலை வரிசையே மாறிவிடலாம். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது.

கொப்பரை வியாபாரிகள் கவனிக்கவேண்டும். எண்ணெய்ப் பசையால் தானே சூடாகித் தீப்பிடிக்கும் பொருள் என்று உலர்ந்த கொப்பரை அபாயப் பட்டியலில் இருக்கிறது. 2022 மார்ச்சில் நம் நாட்டில் அதைப் பெட்டியில் போடவும் தடை வந்தது. சாம்பிளைத் தனியாகச் சரக்குவழியில்தான் அனுப்பவேண்டும். பால் பொருளும் இறைச்சிப் பொருளும் ஐரோப்பாவுக்குள் பயணிகள் கொண்டுபோகமுடியாது. நெய் டப்பாவோடு போனவர்கள் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அமெரிக்கா போகும் விமானத்தில் 2018 முதல் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி வகையைக் கைப்பையில் வைத்தால் தனிச் சோதனை. மசாலாப் பொடியைப் பெரிய பெட்டியில் போடுங்கள். பெருங்காயத்தை மட்டும் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம்.

பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும் என்பது மாண்ட்ரியல் ஒப்பந்த விதி. இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்குள்ள கவுண்டரிலேயே எழுதிக்கொடுத்து நகல் வாங்கிக்கொள்வது மேல். ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேச நாணய அலகு. பிசினஸ் கிளாஸ்காரருக்கும் எகானமிக்காரருக்கும் அது ஒரே அளவுதான். விலை உயர்ந்த சாம்பிள் வைத்திருப்பவர் பெட்டியைக் கொடுக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிடவேண்டும், அல்லது இங்கேயே தனி இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளவேண்டும்.